இரும்பு தின்ற ஓக்

குர்செமே காட்டு ஓக் என்றதும்
ஆலைக்காரன் போனை வைத்துவிட்டான்.
அங்கே மரமெல்லாம் போரில் இரும்பு தின்றவை.

ஸ்கைத்ரீதே அலுமினிய ஏணியை
அடிமரத்தின் முதுகில் திருகி முடுக்கினாள்.
கோணல் மரத்துக்கு
ஏணிதான் முதல் நேர்க்கோடு.
சட்டத்தில் பூட்டிய சங்கிலி ரம்பம்
அதன்மேல் ஊர்ந்தது, எண்ணெய் கக்கி.
மறுமுனைக் கைப்பிடியில் இல்க்வார்ஸும்
அவன் இருமலும்.

நாலாம் பலகையில் பொறி.
பதினோரு பல் மொட்டை.
சுண்டுவிரல் நகமளவு குண்டுச் சில்லு,
சுற்றிலும்
மை கொட்டிய நீலம்.

"யார் சுட்டது? ஜெர்மன்காரனா, ரஷ்யனா?"
அவள் அரத்தை எடுத்து
ஒவ்வொரு பல்லாகத் தீட்டினாள்.
"சங்கிலி முப்பது யூரோ" என்றாள்.

அந்தப் பலகை இப்போது கோழிக்கூட்டுக் கதவு.
சில்லு இருந்த துளை வழியே
தாழ்ப்பாள் கயிறு
உள்ளே போகிறது, வெளியே வருகிறது.