பச்சை நூல்

நாச்சிக்குடாத் தராசுக் கொட்டிலில்
நூறு கிராமுக்குக் குறைந்தவை இந்தப் பக்கம்.
கால் போனவை அந்தப் பக்கம்.
சினை வைத்தவை என் வாளியில்,
பின்னேரம் திரும்பக் கடலுக்கு.

அல்போன்சு அண்ணை வாளியைப் பார்க்க மாட்டார்.
மண்ணெண்ணெய்க் காசு அதுக்குள்ளதான் நெளியுது என்பார்.

கம்பஸ் பெடியன் ஒரு லென்சும் கொப்பியும் தந்துவிட்டுப் போனான்.
மூன்று நிரல்: நண்டு, முட்டை நிறம், புழு.
வயிற்று மடலை நெம்பினால்
பழுத்த செம்மஞ்சள்.
பத்து லட்சம் இருக்கும் என்றான்.
ஒரு நுள்ளு எடுத்து எண்ணிப் பெருக்கச் சொன்னான்.

எண்ணும்போது ஒரு நூல் அசைந்தது.
ரோஸ் நூல்.
என் சட்டை ஓரம் அவிழ்ந்து விழுந்ததாக்கும் என்று
ஊதிவிடப் பார்த்தேன்.

அது ஒரு முட்டையைத் துளைத்தது.
குடித்தது.
கோதை அப்படியே விட்டுவிட்டு
அடுத்ததுக்குப் போனது,
சொந்த வீட்டு அலுமாரியைத் திறக்கிறவள் மாதிரி,
ஒரு அவசரமும் இல்லாமல்.

நண்டு சும்மா இருக்கவில்லை.
பின்காலால் கோதியது, மடலை அடித்து அடித்துத்
தண்ணீர் விசிறியது.
அந்தத் தண்ணீரில்தான் புழுவும் மூச்செடுத்தது.

சினை இல்லாத மாதங்களில் செவுளில் கிடக்குமாம்,
மெலிந்து, நிறம் கெட்டு,
பசியை மடித்து வைத்துக்கொண்டு.
முட்டை வந்த அன்றைக்கு இறங்குமாம்.
யார் சொல்லுவார்களோ அதுக்கு.

செவ்வாய் வந்தது. கடன்காரன் மோட்டார்சைக்கிளில் வந்து
இமெல்டா வீட்டுப் படலையிலும்
எங்கள் படலையிலும் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனான்.
அன்றைக்கு வந்த நண்டுகளில் சினையே இல்லை.
ஒன்றுகூட.
எல்லாம் சுத்தம், எல்லாம் தராசுக்கு.

ஒன்றை எடுத்து மடலைத் திறந்தேன்.
முட்டை ஒட்டியிருந்த மயிர்கள் முறிந்து கிடந்தன.
பற்பசை மணம்.
ஓட்டைக் கழற்றிச் செவுளை விரித்தேன்:
ஒன்பது புழு.
களவு கொடுத்த வீட்டில் விடிய விடிய இருக்கிறவர்கள்போல
சுருண்டு, கிட்டக் கிட்ட.

லென்சை இன்னும் கொஞ்சம் பதித்தபோது
மடலின் மடிப்பில் பத்தாவது.
ஊசியால் நிமிண்டினேன்.
நெளியவில்லை.

எங்கள் கிணற்றுக் கட்டில் இரண்டு பிரஷ் இருக்கும்.
சிவப்பு என்னுடையது.
மற்றதை ஞாயிறிலிருந்து காணவில்லை.
நான் தேடவுமில்லை, வில்பிரட்டைக் கேட்கவுமில்லை.

கொப்பியில் எழுதினேன்.
முட்டை நிறம்: கோடு.
புழு: ஒன்பது.
கீழே, நிரலுக்கு வெளியே, பென்சிலால்:
நூல் ஒன்று. பச்சை.
அசையவில்லை.