ஸ்டேங்கரில் 1993

ஜூலையில் கடையை உடைத்தபோது
கட்டில்களோடு கணினியும் போயிற்று.
"தூக்கியவன் அதை வைத்து என்ன செய்வானோ, பாவம்"
என்றார் ராகினி படையாச்சி.
எந்தக் கட்டிலுக்கு யார் எத்தனை ராண்ட் பாக்கி என்பது மட்டும்
வீட்டில், ரஸ்க் டப்பாவில்,
நான்கு ஃபிளாப்பிகளாகத் தப்பியிருந்தது.

டர்பனிலிருந்து என்னை அனுப்பினார்கள்.
புதுக் கணினியின் பாலித்தீன் உறை இன்னும் உரிக்கவில்லை.
தவணைக் கணக்கு மென்பொருளை ஏற்றினேன்.
இது இங்கே இயங்காது என்றது,
வாடகைக்கு வீடு கேட்டுப் போன இடத்தில்
எனக்குச் சொன்ன அதே மரியாதையோடு.

பழசுக்குப் பொய் சொல்வதுதான் என் வேலை.
பெட்டிக்குள் ஒரு பெட்டி கட்டி
அதை உள்ளே உட்காரவைத்து
வட்டு சின்னது என்றேன், நம்பியது.
பிரிண்டர் பழைய துளையில்தான் என்றேன், நம்பியது.
ஆனாலும் திறந்த கணமே விழுந்தது:
சுழியால் வகுத்துவிட்டதாம்.

ஒரு மணி நேரம் பிடித்தது எனக்குப் புரிய.
தொடங்கும்போது அது ஒருமுறை எண்ணிப் பார்க்கிறது,
தான் வந்திருக்கும் இடம் எவ்வளவு வேகமென்று.
கடிகாரம் ஒருதரம் துடிக்குமுன்
புதுக் கணினி எண்ணி முடித்துவிட,
கையில் மிஞ்சுவது சுழி.
வேகத்தைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன்.
கொட்டாவி விடுவதுபோல் திறந்தது.

அப்புறம் தேதி.
இரண்டு இலக்கம்தான் தெரியும், நூற்றாண்டு தெரியாது.
இருபத்தெட்டு வருடம் பின்னால் தள்ளினால்
கிழமைகள் அச்சாக ஒத்துப்போகும்.
"பழைய பெட்டியிலும் அப்படித்தான் ஓட்டினோம்" என்றாள்
கவுண்டரில் இருபத்தாறு வருடமாக நிற்கும் நொகுதுலா செலே.
"தொண்ணூற்று மூன்று. நான் இன்னும் வாக்குப் போடவில்லை.
அடுத்த ஏப்ரலில்தான்."

பத்தரைக்கு மின்வெட்டு, அட்டவணை தவறாமல்.
தெருவில் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமின.

விளக்கு வந்ததும், சோதனைக்கு
ஒரு வாடிக்கையாளர் வேண்டும்.
என் பெயரையே அடித்தேன்.
எட்டாவது எழுத்தில் வெட்டிக்கொண்டது, பரவாயில்லை.
அடுத்த கட்டம்: குழு.
ஒன்று முதல் நான்கு.
எந்த எண் யார் என்று திரையில் இல்லை.
எல்லோருக்கும் தெரிந்திருந்த காலத்தில் எழுதியது.
நிரப்பாமல் மேலே போக விடாது.
என் விரல் தானாக மூன்றில் போய் நின்றது.
இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம்தான்.
சாத்தூரில் இப்படிப் பல கட்டங்களை
நிரப்பிப் பழகிய விரல்.

"ஐந்து போடு" என்றாள் நொகுதுலா,
தேநீரிலிருந்து நிமிராமல்.
"ஐந்து கிடையாதே?"
"போடு."
ஏற்றுக்கொண்டது.

பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
முதலில் ஒன்று, மூன்று, நான்கு, நான்கு.
பிறகு ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமையிலிருந்து
ஐந்து ஐந்து ஐந்து ஐந்து
கடைசிப் பக்கம் வரை.
"ஐந்து என்றால்?"
"தவணை கட்டுபவர்."

எழுதியவர் சத்தியசீலன் மூட்லி என்கிறது திறப்புத் திரை.
பெர்த்துக்குப் போய்விட்டாராம்.
நான்குக்கு மேல் தடுக்க மறந்திருக்கிறார்.
ஒன்றுக்குக் கீழே தடுத்தவர்,
எழுத்துகளைத் தடுத்தவர்,
வெற்றிடத்தைத் தடுத்தவர்,
மேலே மட்டும் மறந்திருக்கிறார்.

அந்தக் கட்டத்தையே எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.
ராகினி ரசீதுத் தாளின் ஓரத் துளைகளைப்
பற்சக்கரத்தில் பொருத்திக்கொண்டிருந்தார்.
"எடுத்தால் வேறேதும் உடையுமா?"
"உடையலாம்."
"அப்போ விடு."

மதியம் கிரௌட்வில்லிலிருந்து ஒருவர் வந்தார்.
போன வருடம் வாங்கிய அலமாரிக்கு
அட்டையும் நூற்றெண்பது ராண்டும்.
யாரும் கேட்டு அனுப்பவில்லை.
பிரிண்டர் கத்தியது.
ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்:
பதினான்கு, எட்டு, தொண்ணூற்று மூன்று.
"அப்போது நான் நான்காம் வகுப்பு" என்றார்.
இரண்டாக மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.