பன்னிரண்டாவது ஆள்

டிசம்பருக்குள் எடுக்காவிட்டால்
விடுப்பு செத்துப்போகும் என்று
மூன்றாம் முறையாக மின்னஞ்சல்.
பாலிக்குப் போ என்றாள் பரிமளா.
லங்காவி மலிவு, மூன்று பகல் இரண்டு இரவு,
படகில் மதியச் சாப்பாடு சேர்த்தி என்றாள்
பக்கத்துக் கவுண்டர் ஹஸ்னா.
நானும் மருந்துச் சீட்டின் முதுகில் எழுதிப் பார்த்தேன்:
நீந்துவது. தெரியாது.
மணலில் படுப்பது. எவ்வளவு நேரம்?
குடை செருகிய கோப்பையில் எதையாவது குடிப்பது.
அதற்குமேல் பேனா நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை
இரண்டாம் எண் பேருந்தில் கடைசி நிறுத்தம் வரை போனேன்.

சாங்கித் துறையில்
பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் படகு.
பதினோரு பேர் நீள்பெஞ்சில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்,
பறவை பிடிக்கும் கேமராக்காரர்,
தேசிய சேவைப் பையன்கள் நால்வர்,
பேசிக்கொள்ளாத ஒரு ஜோடி, இன்னும் யார் யாரோ.
நான் படியிறங்கியதும்
அத்தனை முகமும் திரும்பிச் சிரித்தது.

இருபத்திரண்டு வருடமாக
பிடோக் பலதுறை மருந்தகத்தில்
எண்களைக் கூப்பிடுகிறவள் நான்.
என்னைப் பார்த்தால் ஜனங்கள்
கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.
நான் வந்ததற்காக யாரும் எழுந்து நின்றதில்லை.
நாலு வெள்ளியைப் படகோட்டியின் கையில்
நகை கொடுப்பதுபோல் வைத்தேன்.

உபினில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.
சைக்கிள் எடுக்கலாம்.
கடைக்காரர் என் இடுப்பைப் பார்த்தார்,
இருக்கையைப் பார்த்தார்,
ஊதா நிறத்தில் ஒன்றை உருட்டி வந்தார்.
முன்னால் கூடை, பிரேக் பாதி.
கடைசியாக ஓட்டியது உயர்நிலை இரண்டில்.
மேட்டில் இறங்கித் தள்ளினேன்.
இறக்கத்தில் கத்தினேன்.
சுற்றிலும் யாருமில்லை என்று தெரிந்ததும்
இன்னொரு முறை கத்தினேன்,
இந்த முறை பயத்தில் இல்லை.

காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு வந்து
கூடையிலிருந்த கறிபாப் பொட்டலத்தை
இழுத்துக்கொண்டு போனது.
எண் எடுக்கவில்லை,
வரிசையில் நிற்கவில்லை.
போடி மகராசி என்று விட்டுவிட்டேன்.

பழைய கல்குவாரிக் குளத்தோரம்
கைப்பேசி சிணுங்கியது: மலேசியாவுக்கு நல்வரவு.
எதிர்க்கரைக் கோபுரத்தின் தவறான உபசாரம்.
வெளிநாட்டில் இருக்கிறேன் என்று
பரிமளாவுக்குத் தட்டினேன்.
எந்த நாடு, யாரோடு என்று கேட்டாள்.
பதில் போடவில்லை.

மூன்று மணிக்குச் செக் ஜாவாவில் கடல் வற்றியது.
பலகைப் பாலத்தில் குந்தினேன்.
கீழே சேற்றில்
ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த நண்டுகள்
கையாட்டின, ஆட்டிக்கொண்டே இருந்தன,
எண் தவறியவர்கள்
கண்ணாடிக்கு அப்பால் ஆட்டுவதுபோல்.
வாயில் தானாக வந்துவிட்டது:
கொஞ்சம் உட்காருங்க, கூப்பிடுவோம்.

எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
மார்ச் மாதம், நீலச் சட்டை, 2047.
கூப்பிட்டேன். இரண்டு முறை கூப்பிட்டேன்.
நாற்காலியிலேயே இருந்தார்.
அவரை இந்தத் தீவுக்குக் கூட்டிவர
நான் நினைக்கவில்லை.

நண்டுகள் அதுபாட்டுக்கு ஆட்டின.
தலைக்குமேல் தாழ்ந்து ஒரு விமானம்
பாலிக்கோ எங்கேயோ போனது.
தண்ணீர் திரும்பி வந்து
முதல் வளையை மூடும்வரை
நகராமல் இருந்தேன்.

ஐந்தரைக்குத் திரும்பும் துறையில்
நாங்கள் பதினோரு பேர்.
குறைகிற நாலு வெள்ளியைப்
பங்கு போட்டுக் கிளம்பிவிடலாம் என்றார் கேமராக்காரர்.
தலைகள் ஆடின, சில்லறை குலுங்கியது.
படகோட்டி கயிற்றில் கை வைத்தபோது
பாலத்தின் அந்தக் கோடியில்
அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி
ஒருவர் நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார்.

எழுந்தேன்.
ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் எனக்கு.
பன்னிரண்டு, என்றேன்.
அவருக்குத் தமிழ் தெரியுமோ என்னவோ,
மெதுவா வாங்க,
இருக்கோம்.