எங்கும் போகாத படிகள்

சிகிச்சைக் கூடத்தின் மூலையில்
நான்கு படிகள் இருக்கின்றன.
ஏறினால் ஒரு சின்ன மேடை,
அந்தப் பக்கம் மறுபடி நான்கு.
எங்கும் போகாத படிகள்.
இரு பக்கமும் கைப்பிடி,
விளிம்பில் மஞ்சள் நாடா.

திரு ரெட்டிங்ஹவுஸ்
ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குவார்.
ஏற்றத்துக்கு நல்ல கால்,
இறக்கத்துக்குச் சோர்ந்த கால்.
நான் சொல்லிக்கொடுத்த சூத்திரத்தை
என் ஜெர்மன் உச்சரிப்பின் கோணலோடு சேர்த்தே
திருப்பிச் சொல்வார்.
ஆறு வாரம்.
'படிக்கட்டு' என்ற கட்டத்தில் டிக் போட்டு
வீட்டுக்கு அனுப்பினோம்.

வுப்பர்டாலில் படிக்கட்டுக்கா பஞ்சம்.
வரைபடத்தில் தெரு என்று இருக்கும்,
போய்ப் பார்த்தால் நூறு படி, நடுவே ஒரு விளக்கு.
கீழே ஆறு. ஆற்றின் மேல்
பிடியை விடாமல் தொங்கிக்கொண்டு போகும் ரயில்.
இந்த ஊரில் முப்பத்தோரு வருடம்
கடிதம் கொடுத்த மனிதர் அவர்.

முதல் மாடி வீடு. ஆம்புலன்ஸ்காரர்கள்
நாற்காலியோடு தூக்கி ஏற்றிவிட்டுப் போனார்களாம்.
அதன்பின் இறங்கவில்லை.
நான் போனபோது
பதினொரு படிகளின் உச்சியில் நின்றார்.
மெழுகு பூசிய பழைய மரம், விளிம்பில் நாடா இல்லை,
கைப்பிடி ஒரே ஒரு பக்கம்,
அதுவும் இடது பக்கம்,
உயிர் பாதி திரும்பிய அந்தக் கையின் பக்கம்.

"சூத்திரம் சொல்லுங்கள்" என்றேன்.
பிழையில்லாமல் சொன்னார்.
கால் மட்டும் அசையவில்லை.

எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை.
தெரியும்.
கோயம்புத்தூரில் மாருதி ஓட்டக் கற்றவள் நான்.
அங்கே இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம்.
இங்கே வந்து ஏழு வருடம்;
அவசரத்தில் திரும்பும்போது இன்னமும்
வலக்கைதான் முந்துகிறது,
மழையே இல்லாத கண்ணாடியை
வைப்பர் வறட்டு வறட்டென்று துடைக்கிறது.

இரண்டாம் முறையும் அதே உச்சி, அதே கால்.

மூன்றாம் முறை
கெர்லிண்டே தபால்களை மேலே எடுத்து வந்திருந்தார்.
நடுவில் ஒரு நீல உறை:
தரைத்தளம், திருமதி ஒஸ்மானோவிச்.
"தப்பான பெட்டி" என்றார் கணவர்.
அந்தக் குரலை நான் கூடத்தில் கேட்டதே இல்லை.

"பிறகு கொடுத்துக்கொள்ளலாம்" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள்
உறையைப் பல்லில் கவ்வினார்.
படிக்கட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார்.
திரும்பியதும்
இடது பக்கத்துக் கைப்பிடி
வலது கைக்கு வந்துவிட்டது.

நான் இரண்டு படி கீழே நின்று
அவர் இடுப்புக்குப் பின்னால் கைகளை விரித்துக்கொண்டேன்,
தொடவில்லை.
பின்புறமாக, ஒவ்வொன்றாக, பதினொன்று.
முதலில் இறங்கியது சோர்ந்த கால்தான்.
அதைக் கவனித்தேன்.
ஆறு வாரம் வீண் போகவில்லை,
அடையாளம் தெரியாத சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தது.

"இதை எங்கே கற்றீர்கள்?"
உறையை எடுத்தார், ஓரத்தில் எச்சில் ஈரம்.
"செரி மரம். ஏணி."
கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு:
"ஏணியில் யாராவது முன்புறமாக இறங்குவார்களா?"
பிறகு அழைப்புமணியை அழுத்தினார், இரண்டு முறை,
தபால்காரர் அழுத்துவது போல.

என் படிவத்தில்
பற்களுக்குக் கட்டம் இல்லை.
'பதினொரு படி, உதவியின்றி' என்று எழுதினேன்.
அடுத்த வாரம் அவரை அந்த நான்கு படிகளுக்கு
அழைத்துப் போகப் போவதில்லை.
ரயில் நிலையத்துப் படி, தேவாலயத்துப் படி,
மழை நாளில் ஒன்று, கையில் முட்டையோடு ஒன்று.

காரை எடுத்தேன்.
மூலையில் இடப்பக்கம் திரும்ப வேண்டும்.
வெயில் அடிக்கும் கண்ணாடியில்
வைப்பர் எழுந்து
ஒருமுறை கையாட்டிவிட்டுப் படுத்தது.
பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.