காரணம் என்கிற கட்டம்

என் பெயர்ப்பட்டையில் பெயர் முழுசாக ஏறவில்லை.
அமலோற்ப.
மிச்சமிருக்கும் வம்
ஆட்டோ கிடைக்காத பயணி மாதிரி
வெளியே நிற்கிறது.

இலாசுப்பேட்டை நிலையத்தில்
ஒரே வாசல், ஒரே பெல்ட்,
ஒரு காபி இயந்திரம்.
மூன்றேகால் மணி ஐதராபாத் விமானத்தை
மூன்று ஐம்பது என்றோம்.
அப்புறம் நாலு இருபத்தைந்து.
அப்புறம் ஐந்து பத்து.
தாமதத்தை யாரும் மொத்தமாகக் கொடுப்பதில்லை,
நகைச்சீட்டு போலத் தவணையில்தான்.
இரண்டு மணி நேரம் தாண்டினால் சாப்பிடக் கொடுக்கவேண்டும்.
ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் என்பது
எங்கள் கம்பெனிக்குப் பிடித்த எண்.

ஐந்து பதினாறுக்கு எழுந்தார் நப்பின்னை,
கல்லூரியில் விலங்கியல்.
போனில் இருந்த விதியை
வருகைப்பதிவு எடுக்கும் குரலில்
வரி வரியாக வாசித்தார்.
ஐந்து முப்பதுக்கு வந்தன முப்பத்தொன்பது டப்பாக்கள்:
காய்ந்த ரொட்டி, மாம்பழச் சாறு, நனைந்த டிஷ்யூ.
யாரோ கைதட்டினார்கள்.
எனக்கும் தட்டத் தோன்றியது.
சீருடையில் இருந்தேன்.

ஐந்து நாற்பதுக்கு ரத்து.

அதை ஒலிபெருக்கியில் சொல்லப் பயிற்சி உண்டு:
முதலில் வருந்துகிறோம்,
பிறகு ஒரு மூச்சு,
பிறகு ரத்து.
நான் மூச்சை மறந்துவிட்டேன்.

பணம் திரும்ப, அல்லது நாளை இதே நேரம்.
வரிசை கத்தியது, கரைந்தது.
சென்னைக்குக் கார் பிடிக்க
நாலு நாலு பேராகச் சேர்ந்துகொண்டார்கள்
ஒருவரை ஒருவர் பிடிக்காதவர்கள்கூட.

கடைசியாகக் கலிவரதன், கடலூர் முதுநகர்.
வெல்டர். முன்னங்கையில் பொறி தெறித்த புள்ளிகள்,
கடுகு வெடித்தாற்போல.
ஐதராபாத்தில் இரவு பதினொன்றரைக்குக் குவைத் விமானம்,
அது வேறு டிக்கெட்.
"தனித்தனியாப் போட்டா மூவாயிரத்து இருநூறு மிச்சம்னான் ஏஜெண்டு."

ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால், என்று தொடங்கினேன்.
தொடங்கியிருக்கவேண்டாம்.
இரண்டு தாள்களும் ஒன்றையொன்று அறியாது.
என் கணினிக்கு அவர்
ஐதராபாத்தோடு முடிந்துவிடுகிறவர்,
பட்டையில் என் பெயரைப் போல.

வழியனுப்ப வந்த பதினொரு பேரும்
வேனில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிவிட்டார்களாம்.
போட்ட மாலை பையில் மடிந்திருந்தது.
அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபம்.
கத்துகிறவர்களுக்கு என்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன்.

"காசுகூட அப்புறம் பாத்துக்கலாம், அமலோற்ப மேடம்.
வராததுக்கு நான் காரணமில்லன்னு ஒரு பேப்பர்.
கம்பெனியில காட்டணும்."

படிவத்தில் பெயர், விமான எண், தேதி.
அப்புறம் காரணம் என்கிற கட்டம்,
இரண்டு அங்குலம்.
தலைமை அலுவலகம் போனில் சொல்லியிருந்தது:
வானிலை என்று போடு.
வானிலை என்றால் இழப்பீடு இல்லை.
வானத்தின்மேல் வழக்குப் போட்டவர் யார்?

கண்ணாடிக்கு வெளியே
காற்றுத்துணி
துவைத்துப் பிழியாத சட்டைக்கையாய்த் தொங்கியது.
ஓடுபாதையில் மூன்று கொக்குகள்.
அவற்றுக்கு எந்த அவசரமும் இல்லை,
மேலே ஒரு மேகமும் இல்லை.
வரவேண்டிய விமானம்
பெங்களூரில் சக்கரம் கழற்றிக் கிடந்தது.

எழுதினேன்:
விமானம் வரவில்லை. பழுது.
இங்கே வானம் தெளிவாக இருந்தது.
முத்திரை குத்தி, கையெழுத்து,
வம் வரைக்கும்.

கலிவரதன் மெல்ல வாசித்தார்.
இரண்டாம் முறையும் வாசித்தார்.
"நல்லாருக்கு மேடம்.
ஆனா குவைத்துல தமிழ் யாரு படிப்பாங்க?"

இன்னொரு படிவம் எடுத்து
இங்கிலீஷில் எழுதினேன்.
அதில் என் பெயர் இன்னும் நீளம்,
கட்டத்தைத் தாண்டி ஓரத்தில் ஏறிற்று.

அவர் போய்ச் சேர்ந்தாரா, தெரியாது.
இன்று மேலாளர் என்னை அழைத்திருக்கிறார்,
மூன்றேகாலுக்கு.
நேரம் மாறினால்
முன்கூட்டியே தெரிவிப்பாராம்.