பாதி இறக்கின சட்டர்

ஞாயிறு பின்னேரம் மூண்டரைக்கு
சட்டரைப் பாதி இறக்குவன்.
முழுக்கத் திறந்திருந்தால் ஆள் வரும்,
முழுக்கப் பூட்டினால் நித்திரை வரும்.
முழங்காலளவு வெளிச்சத்தில
சீமெந்துத் தரையில கொப்பியை விரிச்சால்
சுன்னாகம் சந்தை
வெறும் கால்களாய்க் கடந்துபோகும்.

முடிஞ்சதுக்குக் கறுப்புப் பேனை.
கிடக்கிறதுக்குச் சிவப்பு.
எனக்கே விளங்காததுக்குப் பென்சில்.

இந்தக் கிழமை வந்தது பதினாலு பம்ப்,
போனது ஒன்பது.
மிச்சம் அஞ்சும் சுவரோட குந்தியிருக்குதுகள்
வாயில துணி அடைச்சபடி,
கழுத்தில ஆளுக்கொரு மட்டை கட்டி.

இடைக்காடு அரியகுட்டி:
இம்பெல்லர் தேய்ஞ்சுபோச்சு.
வெங்காயம் நட்டு இருபது நாள்.
நாளைக்கே.

அச்சுவேலிக்காரற்ற பம்புக்கு சீல் வாங்கவேணும்.
நான் வாங்கேல்லை.
வாங்கேல்லை எண்டே எழுதுறன்.
முந்தி எண்டால் "கடையில இல்லையாம்" எண்டு எழுதுவன்.
கொப்பிக்குப் பொய் சொல்லி என்ன கண்டது?
அது ஒருநாளும் என்னைப் பேசினதில்லை.

பேசாமலே விட்ட ஒரு ஆள் இருக்கு,
ஏழாலை நவமணி அன்ரி.
படங்குக்குக் கீழ அவவின்ர பம்ப்
மூண்டு கிழமை மறந்துபோய்க் கிடந்தது.
ஒரு காலமை வந்தா,
காய்ஞ்ச மிளகாய்க் கண்டு ஒண்டை
வேரோட மேசையில வைச்சா,
பம்பை ஓட்டோவில ஏத்திக்கொண்டு போயிட்டா.
அண்டைக்குத்தான் இந்தக் கொப்பி வாங்கினன்.
கண்டு இன்னும் உள்ளதான் கிடக்குது,
போன கிழமைக்கும் இந்தக் கிழமைக்கும் நடுவில
அடையாளத்துக்கு.

செவ்வாய்க்கிழமையைக் காணேல்லை.
தாளைத் திருப்பித் திருப்பித் தேடுறன்.
காலமை ஒரு பெடியன்
மோட்டச்சைக்கிள் லைற்றை ஒருக்காப் பாருங்கோ எண்டான்.
பேந்து வாசிகசாலைக்காரர்
மைக் செற்றைத் தூக்கிக்கொண்டு வந்தினம்.
பேந்து போன்.
எந்தத் தேசமோ, எவனோ ஒருத்தன்
கறள் பிடிச்ச எஞ்சின் ஒண்டைக்
கழுவிக் கழுவி மினுக்க,
ஒண்டேகால் மணித்தியாலம் பாத்திருக்கிறன்.
அந்த எஞ்சின் ஓடத் தொடங்கிட்டுது.
அரியகுட்டியின்ரது ஓடேல்லை.

கடைசியில எப்பவும் அந்த ஒரு வரி:
"மல்லாகத்தில ரெண்டாவது கடை, இடம் பாக்க."
தை மாதத்தில இருந்து
பக்கத்துக்குப் பக்கம் சாமான் சட்டியோட
குடிபெயர்ந்து வருது.
இருபத்திமூண்டு தரம் எழுதியாச்சு, எல்லாம் சிவப்பில.
இருபத்திநாலாம் தரம் எழுதப்போக
கை நிண்டிட்டுது.

உண்மையா, ஆருக்கு வேணும் அந்தக் கடை?
மச்சான் நகுலேசன்
மருதனார்மடத்தில கடை திறந்து
கண்ணாடிக் கதவு போட்ட அண்டு ராத்திரி
முதல்முதலா எழுதின வரி இது.
திகதியைப் பாக்க விளங்குது.
வரியில இருந்தது என்ர ஆசையில்லை,
அவன்ர கதவு.

வெட்டினன்.
சிவப்பால இல்லை,
முடிஞ்சதுக்குரிய கறுப்பால.
தோளில இருந்து
ஒரு மூண்டு குதிரைவலு மோட்டரை
இறக்கி வைச்ச மாதிரி இருந்தது.

சட்டருக்குக் கீழால ஒரு முகம் குனிஞ்சுது.
"அக்கா, திறந்திருக்கோ?"
கையில ஃபுட் வால்வ், சேறு சொட்டுது.
"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு."
சொல்லிப்போட்டு எனக்கே ஒரு மாதிரித்தான்.
முகம் நிமிர்ந்து
நீலச் செருப்பாய் மாறி
பஸ் நிலையப் பக்கம் போச்சு.
சேத்துத் துளி நாலு மட்டும் வாசலில.

திங்களுக்கு மூண்டே வரி.
போன கிழமை பதினொண்டு எழுதி
ரெண்டு செய்தனான்.

செவ்வாய்க்கு:
லைற், ஏலாது.
மைக், ஏலாது.
போன், பன்னிரண்டு மணி மட்டும் லாச்சிக்குள்ள.

லாச்சித் திறப்பு எங்கயெண்டு
பென்சிலால எழுதிவைக்கிறன்.