இரண்டாம் சீசன்

போன வருடம் பதினான்கு ஆட்டம்.
ஒன்பதில் பெஞ்சு.
மிச்சம் ஐந்தில் பதினோரு புள்ளி,
ஒரு கணுக்கால் சுளுக்கு.
டிவியில் வர்ணித்தவர்
ஒச்சப்பனை ஓசப்பன் ஆக்கினார்.

செக்கானூரணி பஸ் ஸ்டாண்டில்
டீ ஆற்றுகிறவர் கேட்கிறார்:
"இந்த வருசமும் உக்காரத்தான் கூப்பிட்டாய்ங்களா?"
சிரித்துக்கொண்டே கிளாஸை வாங்கினேன். சூடு.

கருமாத்தூர்ப் பள்ளிக்கூட மைதானம், காலை ஐந்து.
எதிரே கார்மேகம், என் மச்சினன்,
லோடு இறக்கிவிட்டு அப்படியே வந்தவன்.
இடக்காலைத்தான் பிடிக்கிறான். தினமும் அதையே.
திரும்பும்போது அது அரை நொடி
பின்தங்குகிறதாம்.
அரியானாக்காரனுக்கும் தெரிந்திருந்தது.
எனக்குத்தான் தெரியவில்லை.

முப்பது விநாடி.
போன வருடம் அது தீக்குச்சி,
உரசியதும் கையைச் சுட்டது.
இப்போது நடுக்கோட்டைத் தாண்டி
நிற்கிறேன்.
கபடி கபடியென்று மூச்சு போகிறது,
கால் போகவில்லை.
கார்மேகம் என் இடுப்பையே பார்க்கிறான்.
பார்க்கட்டும்.
இருபத்திரண்டாவது விநாடியில்
அவனே
அரை அடி முன்னால் வருகிறான்.

தொட்டுவிட்டுத் திரும்பி
"இடக்கால்?" என்றேன்.
முழங்கை மண்ணைத் தட்டிக்கொண்டே
"இன்னும் லேட்டுதான்டா" என்றான்,
"நாந்தான் மறந்துட்டேன்."